பினாங்கில் புற்றுநோயை எண்ணக் கற்ற வரலாறு

பினாங்கு மாநிலத்தில் ஆண்டுதோறும் எத்தனை பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வருகிறது, அது எந்த உறுப்பில் தோன்றுகிறது, எந்த இனத்தவரையும் எந்த வயதினரையும் கூடுதலாகத் தாக்குகிறது என்ற கேள்விகளுக்கு நம்பத்தக்க விடை 1994ஆம் ஆண்டிலிருந்துதான் கிடைக்கத் தொடங்கியது. அவ்வாண்டில் மாநிலச் சுகாதாரத் துறையின் பொறுப்பில் உருவான பினாங்குப் புற்றுநோய்ப் பதிவேடு, மலேசியாவில் மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்டு அமைந்த வட்டாரப் பதிவேடுகளுக்கு முன்னோடியாயிற்று. ஜார்ஜ் டவுன் நகரின் மருத்துவ வரலாற்றை எழுதுவோர் மருத்துவமனைக் கட்டடங்களுக்கும் அவற்றை எழுப்பிய கொடையாளர்களுக்கும் தரும் இடத்தை இந்தப் பதிவேட்டுக்குத் தருவதில்லை. ஆயினும் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பினாங்கு அளித்த பங்குகளுள் இதுவே தலையாயது என்று சொல்லத் தடையில்லை. கோபன்ஹேகனிலும் லியோனிலும் சிங்கப்பூரிலும் அரை நூற்றாண்டுக் காலம் பல நாட்டு அறிஞர்கள் கூடி வகுத்த பொது விதிகள் இல்லாதிருந்தால், அந்தப் பங்கை அளிக்கும் வாய்ப்பு இச்சிறு மாநிலத்துக்குக் கிடைத்திருக்காது.

புற்றுநோய்ப் பதிவேடுகள் இரு வகைப்படும். ஒரு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த நோயாளிகளை மட்டும் குறித்து வைப்பது மருத்துவமனைப் பதிவேடு. ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் நிலையாக வாழும் மக்கள் அனைவரிடையேயும் தோன்றும் ஒவ்வொரு புதிய நோயையும், நோயாளி எந்த ஊரில் எந்த மருத்துவரிடம் சிகிச்சை பெற்றிருந்தாலும், தேடித் தொகுப்பது மக்கள்தொகைப் பதிவேடு. நோயாளிகளின் எண்ணிக்கையை மக்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு லட்சம் பேரில் ஓராண்டில் எத்தனை பேருக்கு நோய் புதிதாக வந்தது என்று காணும் நிகழ்வு வீதம் இரண்டாம் வகையிலிருந்துதான் பிறக்கும். பினாங்கைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. கெடாவிலிருந்தும் பெர்லிசிலிருந்தும் வட பேராவிலிருந்தும், கடல் கடந்து சுமத்ராவின் மேடானிலிருந்தும் நோயாளிகள் வந்து குவியும் மருத்துவ நகரம் ஜார்ஜ் டவுன் என்பதால், அதன் மருத்துவமனைப் படுக்கைகளை எண்ணிப் பினாங்கு மக்களின் நோய்ச் சுமையை அளக்க முயல்வோர் தவறான முடிவுக்கே வருவர்.

குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இத்தகைய கணக்கெடுப்புக்குத் தேவையோ வசதியோ இருப்பதாக எவரும் கருதவில்லை. காலரா, மலேரியா, பெரிபெரி ஆகியவை துறைமுகத் தொழிலாளரையும் தோட்டத் தொழிலாளரையும் கொன்று கொண்டிருந்த அந்நாளில், வாழ்நாளின் பிற்பகுதியில் வரும் புற்றுநோய் மருத்துவ அறிக்கைகளில் ஓரிரு வரிகளுக்கு மேல் இடம்பெறவில்லை. எனினும், உள்ளூர் மருத்துவர் ஒருவர் பன்னாட்டு ஆய்வகங்களில் பயின்று திரும்பும் வழக்கத்துக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு இந்நகரிலேயே உண்டு. 1879இல் ஜார்ஜ் டவுனில் பிறந்து, பினாங்கு ஃபிரீ பள்ளியில் படித்து, அரசியின் உதவித்தொகை பெற்று 1896இல் கேம்பிரிட்ஜ் சென்ற டாக்டர் வூ லியன் டே, லிவர்பூலிலும் ஜெர்மனியின் ஹாலேயிலும் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்திலும் ஆராய்ச்சிப் பயிற்சி பெற்று 1903இல் மலாயா திரும்பினார். கோலாலம்பூரில் அப்போது புதிதாக எழுந்திருந்த மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் சிறிது காலம் பெரிபெரி நோயை ஆராய்ந்த பின் பினாங்கு சூலியா தெருவில் மருத்துவம் பார்த்தார். 1910-11இல் மஞ்சூரியாவில் பரவிய நுரையீரல் கொள்ளைநோயை அடக்கியதும், 1911 ஏப்ரலில் முக்டன் நகரில் பல நாட்டு அறிஞர்களைக் கூட்டி மாநாடு நடத்தியதும் அவருடைய பிற்காலப் புகழுக்குக் காரணமாயின. அவருக்குக் கிடைத்த பயிற்சி ஒரு தனிமனிதர் தேர்வில் வென்று பெற்றது. ஒரு துறை முழுவதையும் பயிற்றுவிக்கும் ஏற்பாடு அக்காலத்தில் இல்லை.

மலாயாவில் புற்றுநோயைப் பற்றிய முறையான ஆய்வு அதே மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கூற்றியல் பிரிவிலிருந்துதான் வந்தது. நோய்க்கூற்றியல் என்பது நோயுற்ற திசுவை வெட்டி எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்து நோயை உறுதி செய்யும் துறை. நாட்டின் பல மருத்துவமனைகளிலிருந்து அனுப்பப்பட்ட திசு மாதிரிகளை வைத்து ஏ. டி. எச். மார்ஸ்டன் 1958இல் மலாயாவில் புற்றுநோயின் பரவலைப் பற்றி ஒரு கட்டுரையையும், 1960இல் வெற்றிலைப் பழக்கத்தால் வரும் புற்றுநோயைப் பற்றித் தனியே ஒரு கட்டுரையையும் வெளியிட்டார். அவர் கையில் இருந்தவை விகிதங்கள் மட்டுமே, அதாவது ஆய்வுக்கு வந்த நூறு கட்டிகளில் எத்தனை வாயில், எத்தனை மூக்குத்தொண்டையில், எத்தனை கருப்பைவாயில் என்ற பங்கு. அறுவைக்கு எளிதில் எட்டும் உறுப்பின் கட்டி ஆய்வகத்துக்கு மிகுதியாக வரும். உடலின் உள்ளே மறைந்திருக்கும் ஈரலின் கட்டி வராமலே போகும். தோட்டத்துத் தொழிலாளி நகர மருத்துவமனையை எட்டுமுன் இறந்தால் அவருடைய நோய் கணக்கிலேயே ஏறாது. இக்குறைகள் அனைத்தும் இருந்தும், சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகிய மூன்று இனத்தவரின் நோய்கள் வெவ்வேறு உறுப்புகளில் குவிகின்றன என்ற உண்மை அந்த விகிதங்களிலேயே வெளிப்பட்டது. ஒரே மண்ணில் ஒரே தட்பவெப்பத்தில் வாழ்வோரிடம் இவ்வளவு வேறுபாடு இருக்குமானால், நோய்க்கான காரணத்தை உணவிலும் பழக்கத்திலும் பரம்பரையிலும் தேட வேண்டும் என்ற எண்ணம் ஆய்வாளரிடையே உறுதிப்பட்டது.

அந்தத் தேடலுக்குத் தேவையான பொது அளவுகோலை உருவாக்கும் பணி வேறிடங்களில் நடந்துகொண்டிருந்தது. 1933இல் தோன்றிய பன்னாட்டுப் புற்றுநோய் ஒன்றியம் அறிஞர்களை ஒன்றுகூட்டியது. டென்மார்க் தன் நாடு முழுவதற்குமான பதிவேட்டை 1942இல் தொடங்கியது. அதை நடத்திய யோஹான்னெஸ் கிளெம்மெசெனின் முயற்சியால் 1946இல் கோபன்ஹேகனில் கூடிய வல்லுநர்கள், எல்லா நாடுகளும் ஒரே முறையில் புற்றுநோயைப் பதிய வேண்டும் என்று பரிந்துரைத்தனர். 1965இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அங்கமாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை பிரான்சின் லியோன் நகரில் அமைந்தது. அடுத்த ஆண்டே புற்றுநோய்ப் பதிவேடுகளின் பன்னாட்டுச் சங்கம் உருவாயிற்று. ரிச்சர்ட் டால் முதலியோர் பதிப்பித்த ‘ஐந்து கண்டங்களில் புற்றுநோய் நிகழ்வு’ என்னும் பெருந்தொகுப்பின் முதல் தொகுதியும் அவ்வாண்டில்தான் வெளிவந்தது. முதியோர் மிகுந்த நாட்டில் புற்றுநோய் கூடுதலாகத் தெரிவது இயல்பு என்பதால், எல்லா நாட்டுக் கணக்கையும் ஒரே கற்பனை மக்கள்தொகையின் வயதமைப்புக்கு மாற்றிக் கணிக்கும் ‘வயது சீராக்கப்பட்ட வீதம்’ அத்தொகுப்பின் அடித்தளமாயிற்று. அந்தக் கற்பனை மக்கள்தொகையை முதலில் வகுத்தவர் ஜப்பானிய அறிஞர் செகி. கட்டி எந்த இடத்தில் உள்ளது, அதன் திசு எவ்வகையைச் சேர்ந்தது என்ற இரண்டையும் எண்களால் குறிக்கும் பன்னாட்டு வகைப்பாடு 1976இல் வெளியானபின், பினாங்கில் ஒரு மருத்துவர் எழுதும் குறியீட்டை ஓஸ்லோவில் இருப்பவர் ஐயமின்றிப் படிக்க முடிந்தது.

தென்கிழக்காசியாவில் இம்முறையை வேரூன்றச் செய்தவர் ஒரு தமிழர் என்பது பரவலாக அறியப்படாத செய்தி. 1921இல் சிங்கப்பூரில் இலங்கைத் தமிழ் மரபில் பிறந்த பேராசிரியர் கனகரத்தினம் சண்முகரத்தினம், அந்நாட்டின் நோய்க்கூற்றியலுக்குத் தந்தை எனப் போற்றப்படுபவர். அவரும், அங்கே அவருடன் பணியாற்றிய ஸ்காட்லாந்து அறிஞர் காலம் மியூரும் முன்னின்று, 1964இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஒன்றியத்தின் சார்பில் மூக்குத்தொண்டைப் புற்றுநோய் பற்றிய கருத்தரங்கு ஒன்றைச் சிங்கப்பூரில் நடத்தினர். அதன் கட்டுரைகள் ஒன்றியத்தின் ஆய்வுநூல் வரிசையில் முதல் நூலாக 1967இல் வெளிவந்தன. தென் சீனத்திலிருந்து வந்து குடியேறியோரிடம், சிறப்பாகக் கண்டோனியரிடம், மிகுந்து காணப்பட்ட இந்நோய் ஐரோப்பிய மருத்துவர்களுக்கு அரிதாகவே தெரிந்த ஒன்று. ஆகவே இத்துறையில் உலகுக்குக் கற்பிக்கும் இடத்தில் மலாயாத் தீபகற்பம் இருந்தது. சண்முகரத்தினம் 1968இல் தொடங்கிய சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவேடு, சீனரைக்கூட ஹொக்கியன், தியோச்சு, கண்டோனியர் எனப் பேச்சுவழக்கின்படி பிரித்துக் கணக்கிட்டது. மியூர் லியோனுக்குச் சென்று ‘ஐந்து கண்டங்களில் புற்றுநோய் நிகழ்வு’ தொகுதிகளின் பதிப்பாசிரியருள் ஒருவரானார். சிங்கப்பூரில் அவர் பெற்ற அனுபவம் உலகத் தொகுப்புக்குப் பயன்பட்டது. ஒத்துழைப்பு என்பது வளமிக்க நாடு கொடுக்க வறிய நாடு வாங்குவது என்ற எண்ணம் எவ்வளவு குறைபட்டது என்பதை இவ்வொரு நிகழ்ச்சியே காட்டும். சிலாங்கூரிலும் ஹாங்காங்கிலும் நடந்த ஆய்வுகள் சிறுவயதில் உண்ணும் உப்பிட்ட கருவாட்டுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவ, லியோன் முகமை 1993இல் சீன முறையில் பதப்படுத்திய கருவாட்டை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது.

தமிழருக்கு இதைவிட நெருங்கிய செய்தி வாய்ப்புற்றுநோயைப் பற்றியது. சோழமண்டலக் கரையோடு பாக்கு வாணிகம் செய்த, சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்களும், தீவின் எதிர்க்கரையிலுள்ள பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும் பின்னர் ரப்பர் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்த தொழிலாளரும் வெற்றிலை மெல்லும் வழக்கத்தைத் தம்முடன் கொண்டுவந்தனர். மலாய்க்காரரிடமும் அவ்வழக்கம் முன்பே இருந்தது. ஆனால் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு ஆகியவற்றோடு புகையிலையையும் சேர்த்துக் கன்னத்தின் உட்புறம் நெடுநேரம் அடக்கி வைத்துக்கொள்ளும் முறை, தோட்டங்களில் வெயிலில் நின்று உழைத்த தமிழரிடம், குறிப்பாகப் பெண்களிடம், மிகுந்திருந்தது. இதன் விளைவைத் தாயகத்து மருத்துவர்கள் முன்னமே கண்டிருந்தனர். சென்னையில் பணியாற்றிய நிப்லாக் 1902இலேயே கன்னப் புற்றுநோயை வெற்றிலைப் பழக்கத்தோடு தொடர்புபடுத்தி எழுதினார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் நெய்யூரில், லண்டன் மிஷன் மருத்துவமனையைச் சேர்ந்த இயன் ஆர், திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்லுவோரிடம் கண்ட வாய்ப்புற்றுநோயைப் பற்றிய விரிவான கட்டுரையை 1933இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். நெய்யூரில் கண்டதும் மலாயாவில் மார்ஸ்டன் கண்டதும் ஒரே நோய், ஒரே பழக்கத்தின் பயன். கடல் கடந்து சென்றபின் உணவும் வேலையும் நீரும் மாறின. மெல்லும் பழக்கம் மாறவில்லை, நோயும் மாறவில்லை. இரு கரைகளிலும் தனித்தனியே எழுந்த இந்தச் சான்று, பழக்கமே காரணம் என்ற முடிவுக்கு மிகுந்த வலிமை சேர்த்தது.

கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வாய்நோய்ப் பிரிவில் பணியாற்றிய கே. இராமநாதன், தம் துணையாசிரியரோடு சேர்ந்து 1976இல் தீபகற்ப மலேசியாவின் வாய்ப்புற்றுநோயை இனவாரியாக ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை, ஜப்பானியப் புற்றுநோய் ஆய்வுத் தொடர் ஒன்றில் வந்து பன்னாட்டுக் கவனம் பெற்றது. 1993-94இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் ரோஸ்னா ஸைன் முதலியோர், 25 வயதைக் கடந்த 11,697 பேரின் வாயைச் சோதித்து நாடளாவிய ஆய்வொன்றை நடத்தினர். புற்றுநோயாக மாறக்கூடிய புண்களும் திட்டுகளும், அதாவது புற்றுநோய்க்கு முந்திய நிலைகள், இந்தியரில் 4 விழுக்காட்டினரிடமும், சபா சரவாக் பூர்வகுடியினரில் 2.5 விழுக்காட்டினரிடமும், சீனரில் 0.5 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன. 1996 நவம்பரில் கோலாலம்பூரில் கூடிய பன்னாட்டுப் பயிலரங்கில் மலேசிய, ஜப்பானிய, இந்திய, இலங்கை அறிஞர்கள், வெற்றிலைப் பழக்கத்தால் வாயில் தோன்றும் மாற்றங்களை எவ்வாறு வரையறுத்துப் பெயரிடுவது என்று ஒருமித்த முடிவு கண்டனர். ஓர் ஆய்வாளர் ‘வெற்றிலை’ என்று எழுதினால் அதில் புகையிலை உண்டா இல்லையா என்பதே மற்றவருக்குத் தெரியாதிருந்த குழப்பம் இதனால் பெரிதும் நீங்கியது. லியோன் முகமை 1985இல் புகையிலை சேர்ந்த வெற்றிலையை மட்டுமே புற்றுநோய்க் காரணியென அறிவித்திருந்தது. புகையிலை சேர்க்காமல் மெல்லும் தைவான் முதலிய நாடுகளின் சான்றும் வந்து சேர்ந்தபின், 2004இல் வெளியான மதிப்பீட்டில் புகையிலையில்லாத வெற்றிலைச் சுருளும், பாக்கும்கூடப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று தீர்ப்பளித்தது. புகையிலையை விட்டுவிட்டால் பாக்கு தீங்கற்றது என்று இன்றும் நம்புவோர் அறிய வேண்டிய தீர்ப்பு இது.

இத்தகைய முன்வரலாற்றின் மீதுதான் 1994இல் பினாங்குப் பதிவேடு எழுந்தது. அப்போது மாநிலத்தின் மக்கள்தொகை பத்து லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. தீவும் எதிர்க்கரையின் செபராங் பிறையும் சேர்ந்த அதன் எல்லை தெளிவானது. அரசு, தனியார் மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் எட்டும் தொலைவில் இருந்தன. ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை எண் இருந்ததால், ஒரே நோயாளி மூன்று மருத்துவமனைகளுக்குச் சென்றாலும் ஒருமுறைக்கு மேல் எண்ணப்படாமல் தவிர்க்க முடிந்தது. சீனரும் மலாய்க்காரரும் ஏறத்தாழ நிகராகவும், தமிழரைப் பெரும்பான்மையாகக் கொண்ட இந்தியர் பத்தில் ஒரு பங்களவிலும் வாழும் இம்மாநிலம், ஆசியாவின் மூன்று பெரும் இனங்களை ஒரே அளவுகோலால் அளக்கும் அரிய களமாக அமைந்தது. சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையம் 1981 முதல் நடத்தி வரும் பதிவேட்டின் எண்களும் அதே விதிகளின்படி தொகுக்கப்படுவதால், சென்னைத் தமிழ்ப் பெண்களின் நோய்களையும் பினாங்கு இந்தியப் பெண்களின் நோய்களையும் அருகருகே வைத்துப் பார்க்க இயலும்.

நல்ல பதிவேடு எது என்பதை முடிவு செய்யவும் பன்னாட்டு விதிகள் உண்டு. திசு ஆய்வால் உறுதியான நோய்களின் பங்கு போதிய அளவு இருக்க வேண்டும். இறப்புச் சான்றிதழிலிருந்து மட்டுமே தெரியவந்த நோய்கள் மிகுந்தால், உயிருடன் இருந்தபோது அந்நோயாளிகளைப் பதிவேடு தவறவிட்டது என்று பொருள். இச்சோதனைகளைக் கடந்தவற்றுக்கே ‘ஐந்து கண்டங்களில் புற்றுநோய் நிகழ்வு’ தொகுப்பில் இடம் கிடைக்கும். 2007இல் வெளியான அதன் ஒன்பதாம் தொகுதியில் பினாங்கும் சரவாக்கும் மலேசியாவின் சார்பில் இடம்பெற்றன. நோய் வந்தோரில் ஐந்தாண்டுகளுக்குப் பின் எத்தனை பேர் உயிருடன் இருக்கின்றனர் என்பதை உலகளவில் ஒப்பிட்ட ‘கான்கார்ட்’ ஆய்வின் இரண்டாம் சுற்று, 67 நாடுகளின் 279 பதிவேடுகளிலிருந்து 2.57 கோடி நோயாளிகளின் தரவுகளைத் திரட்டி 2015இல் வெளிவந்தபோது, பினாங்கின் தரவும் அதில் அடங்கியிருந்தது. அந்த ஒப்பீட்டில் நாடுகளுக்கிடையே தெரிந்த பெரும் இடைவெளிகளுக்கு, நோயைக் காலத்தே கண்டறிவதிலும் முறையான சிகிச்சை எல்லோருக்கும் எட்டுவதிலும் உள்ள ஏற்றத்தாழ்வே முதன்மைக் காரணமாக ஆய்வாளர்களால் சுட்டப்பட்டது.

எண்ணுவதோடு பணி முடிவதில்லை. சிகிச்சைக்கும் பயிற்சிக்கும் பினாங்கு அயல்நாட்டு உறவுகளைப் பெரிதும் நாடியிருக்கிறது. 1954இல் பெட்டாலிங் ஜெயாவில் அசுந்தா மருத்துவமனையை நிறுவிய, இங்கிலாந்தில் தோன்றிய பிரான்சிஸ்கன் சபைக் கன்னியர் 1976இல் பினாங்கில் தொடங்கிய மவுண்ட் மிரியம் மருத்துவமனை, இலாப நோக்கமின்றி நடக்கும் புற்றுநோய் மருத்துவமனையாக வளர்ந்தது. அயர்லாந்தின் இரு மருத்துவக் கல்வி நிறுவனங்களோடு இணைந்து 1996இல் சிப்பாய் லைன்ஸ் சாலையில் தொடங்கிய பினாங்கு மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள், முதற்கட்டப் படிப்பை டப்ளினில் முடித்துவிட்டு நோயாளியரிடையேயான பயிற்சியைப் பினாங்கு மருத்துவமனையில் பெற்றனர். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் கெப்பாலா பத்தாசில் அமைத்த உயர்நிலை மருத்துவ, பல் மருத்துவக் கழகம் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு முதன்மை அளித்தது. மருத்துவமனைக்கு வெளியே, எஸ். எம். முகமது இத்ரீஸ் நெடுங்காலம் தலைமை தாங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் புகையிலைக்கு எதிராகப் பல பத்தாண்டுகள் குரல் கொடுத்தது. பூச்சிக்கொல்லிகளின் தீங்கைக் கண்காணிக்கும் பன்னாட்டு வலையமைப்பு 1982இல் உருவானதும் பினாங்கில்தான்.

இவ்வனைத்திலும் மிகக் குறைவாக மதிக்கப்படுவது பதிவேட்டுப் பணியாளரின் பயிற்சியே. மருத்துவக் கோப்பைப் படித்து, ஒரே நோயாளியிடம் காணும் இரு கட்டிகள் ஒரு நோயா இரு நோயா எனத் தீர்மானித்து, உரிய குறியீட்டை எழுதுவது பல மாதப் பயிற்சி வேண்டும் கலை. லியோன் முகமை 2011இல் தொடங்கிய பதிவேட்டு வளர்ச்சித் திட்டத்தின்படி, தெற்கு, கிழக்கு, தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்கான பயிற்சி மையம் மும்பையின் டாடா நினைவு மையத்தில் அமைந்தது. முறையாகப் பயிற்றுவிக்கப்பட்ட எளிய பணியாளரால் எவ்வளவு செய்ய முடியும் என்பதைத் திண்டுக்கல் மாவட்டம் காட்டியிருக்கிறது. அங்கே அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு லியோன் முகமையின் துணையோடு நடந்த ஆய்வில், செவிலியர் கருப்பைவாயில் வினிகரின் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்த்துச் சோதித்தனர். அம்முறையால் கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது என்று 2007இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. அந்தக் குறைவை உறுதி செய்ய முடிந்தது, அம்மாவட்டத்தில் ஒரு மக்கள்தொகைப் பதிவேடு முன்பே இயங்கி வந்ததால்தான்.

புதிய கருவிக்கும் புதிய கட்டடத்துக்கும் எளிதில் நிதி ஒதுக்கும் அரசுகளும் கொடையாளர்களும், அந்தக் கருவியால் யார் பிழைத்தார் என்று சொல்லும் பதிவேட்டுக்கும் அதன் பணியாளருக்கும் நிலையான நிதி ஒதுக்க வேண்டும். தமிழ்க் குடும்பங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. வெற்றிலையோ பாக்கோ புகையிலையோ மெல்லும் பழக்கமுள்ள பெரியவர் வீட்டில் இருந்தால், அவருடைய வாயில் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, தேய்த்தும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ, வாயைத் திறக்க முடியாத இறுக்கமோ தெரிந்தவுடன், வலி இல்லை என்று காத்திராமல், அருகிலுள்ள அரசுப் பல் மருத்துவ நிலையத்துக்கு அவரை அழைத்துச் செல்ல வேண்டும்.